நிறைமாத நடையும் ஒரு மாத்திரையும்

திருவண்ணாமலையில் அருணாசல மலையைச் சுற்றுகிறவர்களுக்குப் பழைய நடைக் கணக்கு ஒன்று உண்டு. நிறைமாதக் கர்ப்பிணியான ஓர் அரசி எப்படி நடப்பாளோ அப்படி, அடிமேல் அடி வைத்து மெல்லப் போக வேண்டும் என்பார்கள். ரமண மகரிஷியும் இதையே சொல்வார் என்பது ஆசிரம வட்டாரத்தில் வழங்கிவரும் செய்தி. 1926 வரை அவர் அடியார்களோடு சேர்ந்து மலையைச் சுற்றினார். வழியில் உட்கார்ந்து, சமைத்துச் சாப்பிட்டு, படுத்து எழுந்து, ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நாளானதும் உண்டு.

இன்றைய பௌர்ணமிக் கூட்டத்தில் அரசி நடைக்கு இடமேது? 14 கிலோமீட்டரை நாலு மணி நேரத்தில் முடித்து, விடியும் முன் பஸ் பிடித்தாக வேண்டும். செங்கம் சாலையில் சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமமும் ரமணாசிரமமும் இருக்கிற பக்கம் அறை எடுத்தவர்களுக்குச் சுற்று தொடங்குவதும் அங்கேதான், முடிவதும் அங்கேதான். முடிந்ததும் பலருக்கு முதல் வேலை மெடிக்கல் ஷாப். “அண்ணா, கால் வலிக்கு ஒரு மாத்திரை.” கத்தரிக்கோல் அட்டையை நறுக்குகிறது, சில்லறை கை மாறுகிறது, அடுத்தவர் முன்னே வருகிறார். ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

வாங்க வந்தவர் கணவராக இருக்கலாம். வேண்டுதலுக்காக மலை சுற்றிய அவர் மனைவி, ஏழு மாத வயிற்றோடு, எதிர்ப்புற நடைபாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கடைக்காரர் கண்ணில் அவர் படவே மாட்டார். அந்த ஒரு நிமிடத்தில் கேட்கப்படாமல் போகிற கேள்வி ஒன்றே ஒன்று: “யாருக்கு?”

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று பார்க்க, கருவிலிருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள் போக வேண்டும்.

வயிற்றுப் பிள்ளைக்கு நுரையீரல் இருக்கிறது, ஆனால் அதற்கு மூச்சு வேலை இல்லை. ஆக்சிஜன் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சு வழியாகத் தொப்புள்கொடியில் வருகிறது. வேலை செய்யாத நுரையீரலுக்கு ரத்தம் முழுவதையும் அனுப்பி என்ன பயன்? அதனால் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைத்து ஒரு குறுக்குவழி போடப்பட்டிருக்கிறது. மருத்துவர்கள் அதை டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் என்பார்கள், இங்கே இணைப்புக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். இதயத்தின் வலப்பக்கம் தள்ளும் ரத்தத்தில் பெரும்பகுதி நுரையீரலைத் தொடாமல் இந்தக் குறுக்குவழியில் உடம்புக்குப் போய்விடுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் இந்தக் குழாயை அறிந்திருந்தார். 16-ம் நூற்றாண்டு இத்தாலியரான லியோனார்டோ போத்தால்லோ பெயரை அதற்கு வைத்தது, யாருடைய பெருமையையோ யாருக்கோ கொடுத்த வழக்கமான பிழை.

பிறந்த குழந்தைக்கு இந்தக் குறுக்குவழி வேண்டாம். நாள் நிறைந்து பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு அது முதல் சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் ரத்தம் போகாதபடி மூடிக்கொள்கிறது. சில வாரங்களில் வெறும் நாராகிவிடுகிறது. அந்த நார் இதைப் படிக்கிறவர் நெஞ்சிலும் இருக்கிறது. பிறப்புக்கு முன் மூடினாலும் கேடு, பின் மூடாவிட்டாலும் கேடு. இத்தனை துல்லியமாக நேரம் பார்த்துச் சொல்வது யார்?

குழாயின் சுவரிலுள்ள தசைச் செல்களின் பொட்டாசியம் வாயில்கள்தான்.

அண்ணாமலையார் கோயிலைத் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். கிழக்கே ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சனக் கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். வந்தவர்கள் வெளியே போய்க்கொண்டே இருக்கும்வரை பிரகாரம் நிதானமாக இருக்கும். வெளிவாசலை மட்டும் சாத்திவிட்டால் என்ன ஆகும் என்று தீபத் திருநாளில் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தசைச் செல்லுக்குள் பொட்டாசியம் வெளியில் இருப்பதைப்போல் சுமார் 30 மடங்கு இருக்கிறது. அது தனக்கென்று உள்ள வாயில்கள் வழியாகச் சதா வெளியே கசிகிறது. போகும் ஒவ்வொரு துகளும் ஒரு நேர்மின்சுமையைக் கொண்டு போவதால் செல்லின் உட்பக்கம் எதிர்மின்னாகவே இருக்கிறது. அப்படி இருக்கும்வரை பக்கத்திலுள்ள கால்சியம் வாயில்கள் பெரும்பாலும் சாத்தியே கிடக்கும். பொட்டாசியம் வாயில் சாத்தப்பட்டால் உள்ளே மின்சுமை ஏறும், கால்சியம் வாயில் திறக்கும், கால்சியம் பாயும், தசை இறுகும், குழாய் சுருங்கும்.

இந்த வாயில்கள் எவ்வளவு கறாரானவை என்பது தனிக் கதை. சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறியது, ஆனாலும் அதை உள்ளே விடாது. பெரியவரை விட்டுச் சிறியவரை நிறுத்தும் இந்த விசித்திரக் காவலின் அமைப்பை 1998-ல் ரோடரிக் மெக்கின்னன் படம்பிடித்தார், 2003-ல் அதற்கு நோபல் பரிசு பெற்றார்.

இணைப்புக் குழாய்க்கு வருவோம். குழந்தை முதல் மூச்சை இழுக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது. அந்த ஏற்றம் குழாயின் பொட்டாசியம் வாயில்களைச் சாத்துகிறது என்று 1996-ல் ஸ்டீபன் ஆர்ச்சர், கென்னத் வெயர் ஆகியோர் அடங்கிய அமெரிக்கக் குழு முயல்களின் குழாயில் காட்டியது. ஆக்சிஜனே இல்லாமல், அந்த வாயில்களை அடைக்கும் ஒரு ரசாயனத்தைக் கொடுத்தாலும் குழாய் சுருங்கியது. இதய அறுவைச் சிகிச்சைக்கு வந்த குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்ட திசுவில் பிறகு நடந்த ஆய்வு, மனிதரிலும் அப்படித்தான் என்றது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜன் கூடியதை மோப்பம் பிடித்து, சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு மூலம் வாயிலுக்குச் செய்தி அனுப்புகிறது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டங்குலம் தள்ளியிருக்கும் நுரையீரல் தமனிகளிலும் இதே வகை வாயில்கள் உண்டு. அங்கே நேர் எதிர். ஆக்சிஜன் குறைந்தால்தான் அவை சாத்திக்கொள்ளும். அதனால் முதல் மூச்சில் நுரையீரல் குழாய்கள் விரிகின்றன, இணைப்புக் குழாய் சுருங்குகிறது. ஒரே அழுகையில் ஒரு வழி திறந்து மறு வழி அடைபடுகிறது. பெருவின் ஆண்டீஸ் மலையுச்சி ஊர்களில், ஆக்சிஜன் குறைந்த காற்றில் பிறக்கும் குழந்தைகளிடையே இந்தக் குழாய் மூடாமலே நின்றுவிடுவது கடலோர ஊர்களைவிடப் பல மடங்கு அதிகம். நம் பக்கத்து ஜவ்வாது மலை அந்த உயரத்துக்கு வராது என்பதால் ஜமுனாமரத்தூர்க்காரர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

குறைமாதக் குழந்தைகளின் தொல்லையும் இங்கேதான் தொடங்குகிறது. ஆக்சிஜனை உணரும் வாயில்கள் அவர்களுக்கு இன்னும் போதுமான அளவு வளர்ந்திருப்பதில்லை. 2004-ல் வந்த ஓர் ஆய்வில், குறைமாத முயல் குட்டிகளின் குழாயில் அந்த வாயிலுக்கான மரபணுவைச் செலுத்தியதும் அது ஆக்சிஜனுக்குச் சுருங்கக் கற்றுக்கொண்டது. 28 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் நாள்களில் குழாய் திறந்தே இருக்கும். உலகில் குறைமாதப் பிரசவம் மிக அதிகமாக நடப்பது இந்தியாவில், 2020-ல் மட்டும் சுமார் 30 லட்சம்.

ஆக்சிஜன் ஒரு கயிறு. இன்னொரு கயிறு தாயின் பக்கம் இருக்கிறது. நஞ்சும் குழாயின் சுவரும் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள், தசையைத் தளர்த்தி, பொட்டாசியம் வாயில்களைத் திறந்து வைக்க உதவி, கர்ப்பகாலம் முழுவதும் குழாயை மூடவிடாமல் பார்த்துக்கொள்கிறது. பிறந்து நஞ்சு பிரிந்ததும் அதன் அளவு சரிகிறது. வலி நிவாரணி மாத்திரைகள் பலவும் செய்கிற வேலையே உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைப்பதுதான். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், நிமசுலைடு எல்லாம் இந்த வகை. தாயின் கால் வலியைத் தணிக்கப் போன மருந்து நஞ்சைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகிறது. அங்கே அதற்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறது.

குழாய் கருவிலேயே சுருங்கினால் ரத்தத்துக்குக் குறுக்குவழி போய்விடும். இதயத்தின் வலப்பக்கம் அடைத்த கதவை முட்டித் தள்ள வேண்டிவரும், நுரையீரல் தமனிகளில் அழுத்தம் கூடும். தீவிரமானால் பிறந்த பிறகும் நுரையீரல் ரத்தக் குழாய்கள் தளராமல் குழந்தை நீலம் பாயலாம், சிலருக்குக் கருவிலேயே இதயம் தளர்ந்துபோகலாம்.

இதைப் படித்து யாரும் பதற வேண்டாம். ஏழாம் மாதத்தில் ஒரு மாத்திரை போட்ட ஒவ்வொருவருக்கும் இது நேர்வதில்லை. பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் குழாய் மறுபடி விரிந்துவிடுகிறது. ஆனால் இது அரிய விந்தையும் அல்ல. முன்கூட்டி வந்த பிரசவ வலியை நிறுத்த இண்டோமெதசின் கொடுக்கப்பட்ட தாய்மார்களின் 14 சிசுக்களை ஸ்கேனில் பார்த்த ஓர் ஆய்வு 1988-ல் வெளியானது. அவற்றில் ஏழுக்குக் குழாய் சுருங்கியிருந்தது. மாதம் ஏற ஏறக் குழாயின் உணர்திறன் கூடுகிறது, ஆகவே வளைகாப்பு முடிந்த பிறகுதான் ஆபத்தும் அதிகம். இதே இண்டோமெதசினை 1976-லிருந்து, குறைமாதக் குழந்தைகளின் மூடாத குழாயை மூடும் மருந்தாகவே மருத்துவர்கள் பயன்படுத்தி வருகிறார்கள். பிரசவத்துக்கு இந்தப் பக்கம் சிகிச்சை, அந்தப் பக்கம் கேடு. அந்தச் சிகிச்சையைக்கூட இப்போது தயங்கித்தான் கையாள்கிறார்கள். பிரிட்டனில் 653 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், இபுபுரூஃபனை முந்திக் கொடுப்பதால் உயிரிழப்போ நுரையீரல் நோயோ குறையவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் பக்கத்தில் நின்றுகொண்டு யோசிக்கிற மருந்தை, நடைபாதையில் யாரும் யோசிக்காமல் விழுங்கலாமா?

குழாய் மட்டும்தான் பிரச்சினை என்றுமில்லை. கருவிலிருக்கும் பிள்ளையின் சிறுநீரகத்துக்கும் புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். அது குறைந்தால் சிறுநீர் குறையும், பனிக்குட நீர் வற்றும். அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில், முன்பு 30 வாரம் என்றிருந்த எச்சரிக்கையை 20 வாரத்துக்கு இறக்கியது. டைக்ளோஃபெனாக்கும் சிறுநீரகமும் என்றால் இந்தியாவுக்கு இன்னொரு நினைவு வர வேண்டும். அந்த மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து லட்சக்கணக்கில் மாண்டன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பாறுகளுக்காகச் சட்டம் நகர்ந்தது, நல்லதுதான். மாசமாக இருக்கிற பெண்ணுக்காகப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. இருக்கிற சட்டமே போதும். டைக்ளோஃபெனாக் அட்டவணை ‘எச்’ மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது.

ஆனால் பௌர்ணமி இரவில் சீட்டு கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா என்று கடைக்காரர் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்தவர் சீட்டுக்கு எங்கே போவார்? கூட்டம் கழுத்தை நெரிக்கும் நேரம் அது. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றச் சொன்னால் நாலு நாள் சோதனை நடக்கும், ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிடும். அதனால் இந்தக் கட்டுரை கேட்பது மிகச் சிறிய ஒன்று. கத்தரிக்கோலை எடுக்கும் முன் இரண்டு வாக்கியம்: “யாருக்கு? மாசமா இருக்காங்களா?” தெலுங்கிலும் கன்னடத்திலும் இதைக் கேட்கக் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். ரமணாசிரமத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் வெளிநாட்டவரிடம் ஐந்தாறு மொழியில் விலை சொல்கிறவர்கள்.

கேள்வி வந்துவிட்டால் பதிலும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மாதம் தாண்டியவர் என்றால் இந்த வகை மாத்திரை கிடையாது. உட்கார்ந்து காலைச் சற்று உயரத்தில் நீட்டி வைப்பது, வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை ஊறவிடுவது, மீதி தூரத்துக்கு ஆட்டோ பிடிப்பது இவையெல்லாம் மருந்துக்கு முன்னால் வர வேண்டியவை. தாங்க முடியாத வலி என்றால், கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது பாரசிட்டமால். அதையும் அவர்கள் சொன்ன அளவில், கூடுமானவரை குறைந்த நாளைக்கு. அதிக அளவில் பாரசிட்டமாலும் இந்தக் குழாயைச் சுருக்கும், குறைமாதக் குழந்தைகளுக்கு அதற்காகவே கொடுக்கிறார்கள். வலிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேக்கள், தடவும் ஜெல்கள் பலவற்றில் டைக்ளோஃபெனாக் இருக்கிறது. மாத்திரை அளவுக்கு அது ரத்தத்தில் ஏறாது என்றாலும் லேபிளைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைச்சதை வலியும் என்றால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். கால், முக வீக்கத்தோடு தலைவலியும் கண் மங்கலும் என்றால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் கடை வேண்டாம், நேரே மருத்துவமனை. இன்னொன்று: ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்கச் சிலருக்கு டாக்டரே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதியிருப்பார். அது வேறு கணக்கு, இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது.

பழியைக் கடைக்காரர் தலையில் மட்டும் போடுவதும் சரியில்லை. தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதுமே பதிவு எண் கிடைக்கிறது, கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருகிறார், அங்கன்வாடி வழியாகச் சமுதாய வளைகாப்பு நடக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேன் தேதி எல்லாம் சொல்லித்தரப்படுகின்றன. எதைச் சாப்பிட வேண்டும் என்று நூறு முறை சொல்கிற இடத்தில் எந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது என்பதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கலாம். ஐந்து வகை வளைகாப்புச் சாதத்தோடு ஒரு துண்டுச் சீட்டு போனால் செலவு எதுவும் ஏறிவிடாது. கார்த்திகை தீபத்துக்கு மாவட்ட நிர்வாகம் மருத்துவ முகாம்களும் 108 ஆம்புலன்ஸ்களும் நிறுத்துகிறது. அந்த முகாம் பந்தலில் தொங்கும் பதாகையில் இதற்கு ஒரு வரி இடமிருக்கும்.

பிறந்த பிறகும் இந்தக் குழாயை மறந்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சில குழந்தைகள் இதயக் கோளாறோடு பிறக்கும்போது உயிர் பிடித்திருப்பதே இந்தக் குழாய் திறந்திருப்பதால்தான். பிரசவ வார்டில் நன்றாக இருந்த குழந்தை, வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் குழாய் மூடியதும் நீலம் பாய்ந்து மூச்சு வாங்கும். விரலிலும் பாதத்திலும் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சிறு கருவியை வைத்தால் இவர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பும் முன்பே பிடித்துவிடலாம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய கருவியின் தம்பிதான் அது. அமெரிக்கா 2011-ல் இதைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. பக்கத்துக் கேரளம் 2017-ல் குழந்தைகளின் இதயக் கோளாறுக்கென்றே ‘ஹ்ருத்யம்’ திட்டத்தைத் தொடங்கியது. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் 80 கிலோமீட்டர், சென்னை 190. குழாயைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டிய, விலை கூடிய மருந்து. நீலம் பாய்ந்த பிறகு அந்தத் தூரத்தை ஓடுவதைவிட முன்கூட்டிக் கண்டுபிடித்து அனுப்புவது மேல்.

அடுத்த பௌர்ணமிக்கும் கூட்டம் வரும், கால் வலிக்கும், மெடிக்கல் ஷாப் முன் வரிசை நிற்கும். கடைக்காரர் கேட்க மறந்தாலும், வாங்கப் போகிறவர் வாயைத் திறந்து சொல்லிவிடலாம்: “அண்ணா, மாத்திரை என் வீட்டம்மாவுக்கு. ஏழு மாசம்.”